'கூலி': ஊதியத்தின் பெயர் ஆளின் பெயரான வரலாறு



பழைய ஆங்கில நாளிதழ்களில் நம் முன்னோரைத் தேட விரும்புவோர் முதலில் ஒரு சொல்லை அறிந்துகொள்ள வேண்டும். 'தமிழர்' என்று தேடினால் சில செய்திகள் கிடைக்கும். 'இந்தியர்' என்று தேடினால் இன்னும் சில கிடைக்கும். ஆனால் 1880ஆம் ஆண்டுகள் தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரையில், பேராக் மாநிலத்தின் இருப்புப் பாதைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தவர்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'கூலி' என்னும் சொல்லின் கீழேதான் குவிந்து கிடக்கின்றன. இது தமிழ்ச் சொல்லாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். ஒலி தமிழுக்கு உரியது. பொருளோ ஆங்கிலம் தந்தது. அந்த இரண்டிற்கும் இடையே உள்ள தூரம்தான் இக்கட்டுரையின் பொருள்.

இதை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் கேள்வி. உள்ளூர் வரலாறு பற்றிய பாடப்பணிக்காகப் பழைய செய்தித்தாள் பக்கம் ஒன்றை வகுப்பில் காட்டினேன். "ஐயா, கூலி என்றால் திட்டுகிற வார்த்தையா?" என்று அவள் கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. பெற்றோர் சிலரும், "அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட்டால் என்ன?" என்று என்னிடம் கேட்டதுண்டு. அவர்களுடைய மனவருத்தம் எனக்குப் புரிகிறது. எனினும், அச்சொல்லை மறைத்தால் அதன் கீழே கிடக்கும் மனிதர்களையும் சேர்த்தே மறைத்துவிடுவோம் என்பது என் கருத்து.

தமிழில் அச்சொல்லின் மதிப்பு

முதலில் நம் மொழியில் இச்சொல்லுக்கு இருந்த இடத்தைப் பார்ப்போம். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், வள்ளுவர் இச்சொல்லை ஆள்கிறார். தெய்வத்தால் முடியாமற் போனாலும், உடல் வருந்தி முயன்றவனுக்கு அம்முயற்சி உரிய பயனைத் தந்தே தீரும் என்பது அக்குறளின் கருத்து. அந்தப் பயனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் கூலி. இதில் இழிவு எங்கே இருக்கிறது?

அன்றாட வழக்கிலும் அப்படித்தான். வண்டிக்கூலி, தையற்கூலி, நாட்கூலி என்கிறோம். ஈப்போ லிட்டில் இந்தியாவில் நகைக்கடைக்குச் சென்றால் 'செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு' என்று கேட்காமல் யாரும் சங்கிலி வாங்குவதில்லை. பொற்கொல்லரின் கைத்திறனுக்குக் கொடுக்கப்படும் அந்தத் தொகையின் பெயரும் கூலிதான். 'கூலிக்கு மாரடித்தல்' என்று மனமில்லாத வேலையைப் பழித்தாலும், அங்கும் கூலி என்பது பணத்தைத்தான் குறிக்கிறது. வேலை செய்த மனிதரைக் குறிக்க வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். ஆளும் ஊதியமும் தமிழில் வேறு வேறு.

ஆகவே, கூலி என்பது ஒருவருக்குக் கொடுக்கப்பட வேண்டியது. அவர் கேட்டுப் பெறும் உரிமை உடையது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கிலத்தில் ஏறிய விதம்

இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களைத் தொகுத்து என்றி யூல், ஏ.சி. பர்னல் ஆகிய இருவரும் உருவாக்கிய 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதி 1886இல் வெளிவந்தது. அதில் இச்சொல்லுக்கு இரண்டு மூலங்கள் பேசப்படுகின்றன. மேற்கு இந்தியாவில் வாழும் கோலி என்னும் இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒன்று. தமிழிலும் கன்னடத்திலும் ஊதியத்தைக் குறிக்கும் கூலி என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. எச்.எச். வில்சன் என்னும் அறிஞர் இந்த இரண்டாம் கருத்தையே உடையவர் என்பதையும் அவ்வகராதி குறிப்பிடுகிறது. இரண்டு மூலங்களும் ஒன்றோடொன்று கலந்திருக்கவும் கூடும். எப்படியாயினும் ஆங்கிலத்தில் அச்சொல் ஊதியத்தைக் குறிக்கவில்லை. சுமை தூக்குபவரையும் அன்றாட உழைப்பாளியையும் குறித்தது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் மொரிசியசுத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியரை ஒப்பந்தத்தில் ஏற்றிச் செல்வது பெரிய அளவில் தொடங்கியது. பிறகு கயானா, திரினிடாட், நேட்டால், பிஜி என்று அந்த ஏற்றுமதி விரிந்தது. அந்தக் கப்பல்களோடு இச்சொல்லும் உலகைச் சுற்றியது. சீனர்கள் அதே ஒலியைத் தங்கள் எழுத்தில் 'கசப்பு', 'வலிமை' என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். ஒலிக்கு ஒலியும் ஆயிற்று. பொருளுக்குப் பொருளும் ஆயிற்று! மலாய் மொழியிலும் 'கூலி' உண்டு. அங்கே ஊதியத்திற்கு 'ஊப்பா' என்னும் சொல் இருப்பதால், கூலி என்பது ஆளை மட்டுமே குறித்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களையும் ஆங்கில இதழ்கள் இதே சொல்லால்தான் அழைத்தன. சுரங்கத்தில் சீனக் கூலி, தோட்டத்தில் தமிழ்க் கூலி, தெருவில் ரிக்ஷா கூலி. ஆக, இது ஓர் இனத்திற்கு மட்டும் சூட்டப்பட்ட பெயரன்று. உழைக்கும் ஆசியர் அனைவர் தலையிலும் ஏற்றப்பட்ட பெயர்.

ஈப்போவின் நாளிதழும் அதன் தலைப்பும்

பேராக்கின் வரலாற்றில் நம்மவர் உழைப்பு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. மலாயாவின் முதல் இருப்புப் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் (இன்றைய கோலா செப்பெத்தாங்) வரை போடப்பட்டு 1885 ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். கிரியான் மாவட்டக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் வந்தனர். 1877இல் மலாயாவிற்குக் கொண்டுவரப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பர் விலை ஏறியதும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியோர் பினாங்கில் இறங்கி இங்கு வந்து சேர்ந்தனர்.

அக்காலத்தில்தான், 1904இல், ஈப்போவில் 'டைம்ஸ் ஆப் மலாயா' என்னும் ஆங்கில நாளிதழ் தோன்றியது. அதன் முழுத் தலைப்பில் தோட்டக்காரர்களுக்கும் சுரங்கக்காரர்களுக்கும் உரிய இதழ் என்னும் பொருளில் 'பிளாண்டர்', 'மைனர்' என்னும் இரு சொற்களும் இடம்பெற்றிருந்தன. பின்னர் 1919இல் தோட்ட நிருவாகிகளின் சங்கம் ஒன்று அமைந்தது. அச்சங்கம் 1920 முதல் வெளியிட்ட சஞ்சிகையின் பெயரும் 'தி பிளாண்டர்' என்பதே.

இந்தச் சொற்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பிளாண்டர் என்றால் நடுபவர். மைனர் என்றால் சுரங்கம் தோண்டுபவர். ஆனால் அவ்விதழ்களில் பிளாண்டர் என்பவர் தோட்ட உரிமையாளர் அல்லது துரை. மைனர் என்பவர் பெரும்பாலும் சுரங்க முதலாளி. குழி வெட்டிக் கன்று நட்டவரும், மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்தவரும் கூலிகள்! வேலையின் பெயரை வேலை வாங்கியவர் எடுத்துக்கொண்டார். வேலை செய்தவருக்கு ஊதியத்தின் பெயர் மிஞ்சியது. ஓர் இதழின் தலைப்பே இவ்வளவு பெரிய பாடத்தைச் சொல்லுமென்றால், உள்ளே இருக்கும் செய்திகளைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

செய்திகளுக்குள்ளே

அக்கால ஆங்கில இதழ்களில் இச்சொல் பெரும்பாலும் நான்கு இடங்களில் வரக் காண்கிறேன்.

முதலாவது, கப்பல் செய்தி. இந்தியாவிலிருந்து வந்த கப்பலின் பெயர், வந்து சேர்ந்த நாள், இறங்கிய கூலிகளின் எண்ணிக்கை. கப்பலுக்குப் பெயர் உண்டு. இறங்கியவருக்கு எண் உண்டு.

இரண்டாவது, நிறுவனக் கூட்டச் செய்தி. இலண்டனில் கூடிய பங்குதாரர்களுக்குத் தலைவர் நிகழ்த்திய உரை முழுமையாக அச்சாகும். எத்தனை ஏக்கர், எத்தனை பவுண்டு ரப்பர், கூலிகள் போதுமா என்னும் கணக்கு வரும். மழை, உரம், மண் ஆகியவற்றோடு கூலியும் ஒரு வரியாக நிற்கும்.

மூன்றாவது, மருத்துவச் செய்தி. புதிதாகக் காடு திருத்திய தோட்டங்களில் மலேரியா பலரைக் கொன்றது. மருத்துவர் மால்கம் வாட்சன் 1911இல் மலேரியாத் தடுப்பைப் பற்றி நூலே எழுதினார். அவருடைய பணி உயிர்களைக் காத்தது; அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆயினும் நாளிதழ்களில் அம்மரணங்கள் ஆயிரத்திற்கு இத்தனை என்னும் விகிதமாகவே வந்தன.

நான்காவது, நீதிமன்றச் செய்தியும் விபத்துச் செய்தியும். இங்கே தோட்டத்தின் பெயர் வரும், துரையின் பெயர் வரும், நீதிபதியின் பெயர் வரும். மாண்டவர் பலவேளைகளில் 'ஒரு தமிழ்க் கூலி' என்பதோடு நின்றுவிடுவார். தாய் தந்தையர் ஆசையோடு இட்ட பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்குமல்லவா? தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் கிராணி நாள்தோறும் எழுதிய பெயர் அது. காலையில் பெரட்டுக் களத்தில் சத்தமாக அழைக்கப்பட்ட பெயர். நாளிதழின் வாசலில் மட்டும் அது உதிர்ந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கூலிகளுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் குறிக்க ஆங்கில இதழ்கள் வழங்கிய தொடரைத் தமிழ்க் காதால் கேட்டால் 'கூலியின் கூலி' என்றுதான் ஒலிக்கிறது. ஊதியம் என்னும் பொருளை இழந்த சொல்லுக்குப் பக்கத்தில், ஊதியத்தைக் குறிக்க இன்னொரு சொல்லைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று!

சாமியும் கூலியும்

இதே நிலையைத் தென்னாப்பிரிக்காவில் கண்டவர் மகாத்மா காந்தி. 1893இல் அங்குச் சென்ற அவரைக் 'கூலி பாரிஸ்டர்' என்றே வெள்ளையர் குறிப்பிட்டனர். அங்கே இந்திய வணிகரும் கூலி வணிகர்தாம். கூலியாகப் போவதென்றால் என்ன என்பதைச் சொல்லவே தம் வரலாற்று நூலாகிய 'சத்திய சோதனை'யில் ஓர் அத்தியாயத்தை அவர் ஒதுக்கியிருக்கிறார்.

அதே நூலில் தமிழாசிரியர் அனைவரும் சுவைக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. தமிழ்ப் பெயர்கள் பல 'சாமி' என முடிவதால் இந்தியர் எல்லாரையும் அங்கிருந்த ஆங்கிலேயர் 'சாமி' என்று ஏளனமாக அழைத்தனராம். சாமி என்றால் தலைவன், எசமானன் என்றல்லவா பொருள்! பொருளை அறிந்த சிலர், 'என்னைச் சாமி என்கிறீரே, நான் உமக்கு எசமானன் அல்லவே' என்னும் கருத்தில் திருப்பிக் கேட்டதாகக் காந்தியடிகள் எழுதுகிறார். சொல்லின் பொருளை அறிந்திருந்தால், அதைக் கொண்டு தம்மைத் தாழ்த்த வந்தவரிடமே நிமிர்ந்து பதில் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

சொல் மாறிய காலம்

மலாயாவிற்கு இந்தியரை ஒப்பந்தத்தில் எடுக்கும் முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் பின் கங்காணி முறை மேலோங்கியது. 1938இல் இந்திய அரசு, உதவித்தொகை பெற்று மலாயாவிற்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. இந்தக் காலம் முழுவதும் சட்டத்தின் மொழி ஒரு வழியிலும் நாளிதழின் மொழி இன்னொரு வழியிலும் சென்றன. 1912இல் அமைந்தது தொழில் இலாகா. 1923இல் வந்தது தொழிற்சட்டம். அரசின் பெயர்ப்பலகையில் 'தொழில்' ஏறிய பின்னரும் செய்திப் பத்திகளில் 'கூலி' ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

தமிழில் மாற்றம் வேறு விதமாக வந்தது. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கமும், திரு.வி.க. போன்றோரின் எழுத்தும் பேச்சும், 'தொழிலாளர்' என்னும் சொல்லை மக்களிடம் கொண்டு சேர்த்தன. இங்கே 1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியது. 2019இல் நிற்கும் வரை அது நம் வீடுகளுக்கு வந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். பெயரில்லாச் செய்தியாக இருந்தவர்களுக்குத் தாங்களே வாசிக்கும் செய்தித்தாள் கிடைத்தது.

அக்காலத்துப் போராட்டங்களில் கூலி என்னும் சொல்லின் இரு பொருளும் மோதிக்கொண்டதாகவே நான் காண்கிறேன். பொருளாதார மந்தத்திற்கு முன் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அளவுகோலாக இருந்தது. 1930 முதல் அது வெட்டப்பட்டது. இந்திய அரசின் சார்பில் இங்கு வந்து ஆராய்ந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1937இல் வெளிவந்த தம் அறிக்கையில் அந்தப் பழைய அளவையே மீண்டும் வழங்கப் பரிந்துரைத்தார். அதாவது கூலி என்று அழைக்கப்பட்டவர்களுக்குக் கூலி குறைக்கப்பட்டிருந்தது!

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. அதை முன்நின்று நடத்திய ஆர்.எச். நாதன் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஊதியம் இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு, துரையும் தோட்ட அலுவலர்களும் எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. காசு கேட்டவர்கள் மதிப்பையும் சேர்த்தே கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிர் நீத்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தது. தொழிலாளி, பால்மரம் வெட்டுபவர் என்னும் பொருளுடைய சொற்கள் ஆங்கில இதழ்களிலும் இடம்பிடிக்க, பழைய சொல் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. அகராதி ஆசிரியர் யாரும் அதை அகற்றிவிடவில்லை. சங்கம் வைத்து நிமிர்ந்து நின்றவர்களே அகற்றினார்கள்.

திரும்பி வந்த சொல்

வெளியே சென்ற பிள்ளை உடை மாற்றி வீடு திரும்புவது போல், இச்சொல்லும் ஆங்கிலப் பொருளோடு தமிழுக்குத் திரும்பியிருக்கிறது. ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குபவரைக் 'கூலி' என்றே இன்று பலரும் சொல்கிறோம். 2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்த திரைப்படம் அதே பெயரில் வந்தது. திரையில் அப்பெயரைக் கண்டு கைதட்டிய நம் மாணவர்கள், பழைய நாளிதழில் அதே பெயரைக் கண்டால் திகைக்கிறார்கள். இரண்டிற்கும் உள்ள தொடர்பை நாம்தான் விளக்க வேண்டும்.

பிற நாடுகளில் இதற்கு இருவிதமான அணுகுமுறை உண்டு. மொரிசியசில் ஒப்பந்தத் தொழிலாளர் இறங்கிய துறை முன்பு 'கூலி காட்' எனப்பட்டது. இன்று அது 'ஆப்பிரவாசி காட்'. 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அவர்கள் பெயரை மாற்றினார்கள், இடத்தைக் காத்தார்கள். கயானாவில் பிறந்த எழுத்தாளர் கையூத்ரா பகதூர், தம் கொள்ளுப்பாட்டியின் வரலாற்றைத் தேடி எழுதி 2013இல் வெளியிட்ட நூலுக்குக் 'கூலிப் பெண்' என்னும் பொருளில் பெயரிட்டார். சொல்லை அவர் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் மறைந்திருந்த பெண்ணை வெளியே கொண்டுவந்தார். இரண்டு வழியும் மதிக்கத்தக்கவையே. தென்னாப்பிரிக்காவில் இன்றும் இச்சொல் கடும் வசையாகக் கருதப்படுகிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. எனவே ஒருவரை அப்படி அழைப்பது வேறு. வரலாற்றுப் பக்கத்தில் அதைப் படித்து அறிவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பறையிலும் வீட்டிலும்

ஆசிரியர்கள் செய்யத்தக்க எளிய பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய ஆங்கில நாளிதழ்களை இணையத்தில் தொகுத்து வைத்துள்ளது. பேராக் தோட்டம் ஒன்றைப் பற்றிய சிறு செய்தியை அதில் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் அதில் பெயரோடு வருபவர்களை ஒரு பக்கத்திலும், பெயரின்றி வருபவர்களை மறுபக்கத்திலும் எழுதட்டும். பிறகு, 'கூலி' என்று வரும் இடத்தில் தமிழ்ப் பொருளை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'முந்நூறு கூலிகள் வந்து இறங்கினர்' என்பது, 'ஊதியம் கொடுக்கப்பட வேண்டிய முந்நூறு பேர் வந்து இறங்கினர்' என்று மாறும். அந்த ஊதியம் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா என்னும் கேள்வி தானே எழும். வரலாற்றுப் பாடத்தில் நமக்கு வேண்டிய கேள்வியும் அதுவே.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். தந்தையின் தொழில் என்னும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாத்தா பாட்டியின் பெயரையும், அவர்கள் இருந்த தோட்டத்தின் பெயரையும், லயத்து வீட்டின் அடையாளத்தையும் பிள்ளைகளைக் கொண்டே எழுத வையுங்கள். பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. மரம் போய், லயம் போய், சில இடங்களில் பள்ளியின் பெயரில் மட்டுமே தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர்களைச் சொல்லக்கூடிய முதியோரும் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர்.

அந்த மாணவிக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, திட்டுவதற்காகச் சிலர் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் நம் மொழியில் அது உழைத்தவருக்குச் சேர வேண்டியதன் பெயர். உன் கொள்ளுத்தாத்தாவுக்குச் சேர வேண்டியதில் பாதிதான் அன்று கொடுத்தார்கள். அவருடைய பெயரைக் கண்டுபிடித்து எழுது. மீதியில் கொஞ்சம் தீரும்."

அடுத்த வாரம் அவள் தன் கட்டுரையைக் கொண்டுவந்தாள். முதல் வரியிலேயே ஒரு பெயர் இருந்தது.